கால்வாய்க்குக் கோடி, வாசற்படிக்கு?

சென்ற பருவத்தில் ஒரு நாள், இளநிலை முதலாண்டு வகுப்பில் பாய்மங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நீர் எப்போதும் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்குத்தான் பாயும் என்று சொல்லி, கரும்பலகையில் இரண்டு தொட்டிகளை வரைந்து முடித்திருந்தேன். கடைசி வரிசையிலிருந்து கொரட்டூர் மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சார், எங்க தெருவுல புதுசா மழைநீர்க் கால்வாய் கட்டியிருக்காங்க. அது ரோட்டைவிட ஒரு சாண் உயரம். அதுக்குள்ள தண்ணி எப்படி சார் போகும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் விடவில்லை. வேலை நடந்த இடத்தில் நின்றிருந்தவரிடமே போய்க் கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் விடையோடு வந்தான். "அடுத்த தடவை ரோடு போடும்போது ரோடு உயர்ந்துடும் தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றாராம் அவர்.

வாசகர்களே, இந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. சாலை உயர்ந்தால் சாலையில் விழும் நீர் கால்வாய்க்குள் போகும். அதில் பௌதிக விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனால் சாலை உயர்ந்தபின் அந்த மாணவனின் வீடு என்ன ஆகும்? வெள்ளத் தடுப்புக்கென்று அரசுகள் இன்று கோடிக்கணக்கில் செலவிடுகின்றன. அந்தப் பணம் இந்தக் கேள்வியைக் கேட்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று ஆறுகளுக்கு நடுவே

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் இந்த மேற்குப் புறநகர், நீரின் கணக்கில் ஒரே ஊர் அன்று. வடபுறத்து நீர் கொசஸ்தலையாற்றை நாடுகிறது. நடுவே திருவேற்காடு வழியாகக் கூவம் செல்கிறது. தெற்கே பூந்தமல்லிக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி அடையாற்றில் விழுகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்கு என்று கலங்கல் வழியே நீர் இறங்கிப்போகும்படி முன்னோர் அமைத்த சங்கிலியும் இங்கே உண்டு. ஏரிக்குக் கீழே இருந்தவை வயல்கள். வயல் என்பது நீரைத் தேக்கிவைப்பதற்காகவே மட்டப்படுத்தப்பட்ட நிலம். அங்கே மனை போட்டு வீடு கட்டிய பிறகு, 'தண்ணீர் ஏன் தேங்குகிறது?' என்று நாம் வியப்பது சற்று வேடிக்கைதான்.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் கரையோரமாகவே ஊர்ந்து சென்றபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்த நீர் பல நாள் வடியவில்லை. 1964-ல் தொடங்கிய பேட்டை அது. சிறு பட்டறைகளில் லேத்தும் மோட்டாரும் நீருக்குள் நின்றன.

பணம் வந்த வழி

பணம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் ஆசிய வளர்ச்சி வங்கியுடன் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சென்னை - கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கான ஒருங்கிணைந்த வெள்ளத் தடுப்புத் திட்டம் அது. மதிப்பு 3,220 கோடி ரூபாய். திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவற்றோடு அம்பத்தூரும் அதில் அடங்கும். 588 கிலோமீட்டர் புதிய வடிகால், 175 கிலோமீட்டர் பழைய வடிகால் சீரமைப்பு, அம்பத்தூர், கொரட்டூர், அரியலூர், கடப்பாக்கம் கால்வாய்களில் 11 கிலோமீட்டர் மேம்பாடு, நீரேற்று நிலையம், நான்கு நிவாரண முகாம்களைப் புதுப்பித்தல் என்பவை அறிவிப்பில் கண்ட முக்கியப் பணிகள்.

மிக்ஜாமுக்கு இரண்டு நாள் கழித்து, 2023 டிசம்பர் 7 அன்று, மைய அரசு சென்னை வடிநிலத்துக்கு 561 கோடியே 29 லட்சம் ரூபாய்த் திட்டம் ஒன்றை ஏற்றதாக அறிவித்தது. அதில் 500 கோடி மையத்தின் பங்கு. இந்த 500 கோடி திடீரென்று முளைத்ததன்று. ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தடுப்புக்கென 15-ஆவது நிதிக்குழு ஒதுக்கச் சொன்ன 2,500 கோடியில் சென்னையின் பங்கு அது.

நிதிக்குழுவின் பரிந்துரை சற்று ஊன்றிப் படிக்கத்தக்கது. 2005-ல் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இரண்டு வகை நிதிகள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, இடர் வந்தபின் உதவுவதற்கு. மற்றொன்று, வருமுன் பாதிப்பைத் தணிப்பதற்கு. முதல் நிதி 2010-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது, தேசிய அளவில் 2021-ல்தான் அமைந்தது. பதினாறு ஆண்டுகள் பிடித்தன! 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு மாநிலங்களுக்கெனக் குறிக்கப்பட்ட 1,60,153 கோடியில் நூற்றுக்கு 80 பங்கு வந்தபின் செய்யும் உதவிக்கும், 20 பங்கு வருமுன் தணிப்புக்கும் என்று பிரிக்கப்பட்டது. அத்தோடு நிதிக்குழு இன்னொன்றும் சொல்லியிருந்தது. கடலோரச் சுவர், ஆற்றுக்கரை போன்ற பெரிய கட்டுமானங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்துகொள்ளுங்கள். தணிப்பு நிதி அந்தந்த ஊர் அளவில், மக்களை ஒட்டிய சிறு பணிகளுக்குப் போகட்டும் என்பது அதன் கருத்து.

நல்ல கருத்து. ஆனால் நம் பகுதிக்கு வந்த பணத்தின் அலகுகளைக் கவனியுங்கள். கிலோமீட்டர், கன அடி, கோடி. 'வீடு' என்ற அலகு எங்கேயாவது தென்படுகிறதா? வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் தங்குவதற்கு நான்கு முகாம்கள் இருக்கின்றன. வீட்டிலேயே தாக்குப்பிடிப்பதற்கு வழி ஏதும் காணோம்.

கால்வாய்க்குள் ஒரு கணக்கு

கால்வாய் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அது வேண்டும். எவ்வளவு வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் எண்ணாயிரம் லாரிக்கு மேல் வேண்டும். இதைக் கால்வாய் எந்த வேகத்தில் கடத்தும்? இதற்கு ஐரிஷ் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. 90 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள கான்கிரீட் கால்வாய். 2,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். நம் கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்வது இதைத்தான். கணக்கிட்டால், கால்வாய் நிறைய ஓடும்போது வினாடிக்கு அரை கன மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடத்தும். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால், ஏறத்தாழ 10 ஏக்கர் நிலத்துக்கு இது போதும்.

இப்போது இந்தக் கால்வாயில் பாதி ஆழத்துக்கு வண்டல் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நீராவது போகும் என்றுதான் நாம் நினைப்போம். போகாது. பரப்பு பாதியாகக் குறைவதோடு வேகமும் குறைகிறது. கடத்தும் திறன் நூற்றுக்கு 41 ஆகிவிடுகிறது. வாட்டம் பிசகினாலும் அப்படியே. இறக்கம் நான்கில் ஒரு பங்கானால் வேகம் பாதியாகும்.

இன்னும் முக்கியமானது கால்வாயின் மறுமுனை. அது சேரும் ஏரியிலோ ஆற்றிலோ நீர்மட்டம் கால்வாயின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மட்ட வேறுபாடு சுழியாகிவிடுகிறது, ஓட்டமும் நின்றுவிடுகிறது. மட்டம் அதற்கு மேலும் ஏறினால் கால்வாய் பின்னோக்கி ஓடும். அந்த நேரத்தில் 588 கிலோமீட்டர் வடிகாலும் நமக்கு நீரைக் கொண்டுவரும் குழாயாக மாறிவிடக்கூடும். பெருமழையின்போது ஏரி நிரம்பும், ஆறு நிரம்பும், முகத்துவாரத்தில் கடலும் உயர்ந்து நிற்கும். ஆக, கால்வாய் மிகவும் தேவைப்படுகிற அந்தச் சில மணி நேரத்தில்தான் அது தோற்க வாய்ப்பு அதிகம். சாதாரண மழையில் நீர் முன்னைவிட விரைவாக வடிகிறது என்றால் அந்தப் பெருமை வடிகாலுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வீடுதான் கடைசி அரண்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. மேலே சொன்ன வடிகால் திட்டமோ சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நிற்கிறது. மழை அந்த எல்லைக்கல்லைப் பார்த்துப் பெய்வதில்லை.

நான்கு படியில் இரண்டு

அம்பத்தூரில் எங்கள் வீடு 1994-ல் கட்டப்பட்டது. அப்பா பேஸ்மட்டம் இரண்டடி வைத்தார். ஆறு அங்குலப் படிகள் நான்கு. இன்று வாசலில் இரண்டு படிகள்தாம் தெரிகின்றன. மற்ற இரண்டும் உடைந்துவிடவில்லை. சாலைக்குள் பத்திரமாகப் புதைந்து கிடக்கின்றன. நான்கு முறை தார் போட்டார்கள். முறைக்கு 4 சென்டிமீட்டர். ஒரு முறை கான்கிரீட், 15 சென்டிமீட்டர். மொத்தம் 31 சென்டிமீட்டர். ஒரு அடி.

2015-ல் தண்ணீர் மேற்படி வரை வந்து நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. 2023-ல் கூடத்தில் அரையடி நின்றது. இடையில் போட்டது அந்தக் கான்கிரீட் சாலை. அதன் உயரமும் உள்ளே நின்ற நீரின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். இரண்டு ஆண்டுகளிலும் மழை ஒரே அளவன்று, நீர் வந்த வழியும் ஒன்றன்று. என் மாணவன் இப்படி ஒரு முடிவை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். ஆனால் அம்மாவிடம் இந்த நியாயத்தைச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அவர் ஈரமான அரிசி மூட்டையைப் பார்த்தவர்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆணையிட்டார். தமிழகத்தில் வெள்ளத் தடுப்புக்காக எழுதப்பட்ட தாள்களில் மிகச் சிக்கனமானது அதுதான் என்பது என் எண்ணம். ஒரு கால்வாயும் வெட்டாமல் ஆயிரக்கணக்கான வீடுகள் மேலும் தாழ்ந்துபோவதைத் தடுக்கும் ஆணை அது. ஆனால் ஏற்கனவே உயர்ந்துவிட்ட சாலைகளுக்கு அதில் மருந்து இல்லை. எங்கள் தெருவின் மட்டத்தைக் கேட்டு நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். சாலையின் நீளம், அகலம், செலவு எல்லாம் விடையில் இருந்தன. மட்டம் மட்டும் இல்லை. நீளமும் அகலமும் தெரிந்தால் ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்துவிடலாம். தண்ணீருக்கோ மூன்றாவது அளவு ஒன்றுதான் தெரியும்.

வீட்டைத் தூக்கும் விந்தை

எங்கள் பகுதியில் இப்போது ஒரு புதிய தொழில் நடக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து, சுவரின் அடியில் சிறிது சிறிதாக உடைத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, வீட்டையே மூன்றடி நான்கடி தூக்கிவிடுகிறார்கள். ஆளுக்குச் சில ஜாக்கிகள். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே அளவு திருக வேண்டும். ஒரு மூலை சற்று முந்தினாலும் சுவர் விரிசல் கண்டுவிடும்.

ஆயிரம் சதுர அடியுள்ள ஒரு மாடியில்லா வீட்டின் எடையைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். கூரைத் தளம் 28 டன், அதன்மேல் ஓடு, பூச்சு 14 டன், சுவர்கள் 68 டன். மொத்தம் 110 டன். இதை ஒரு மீட்டர் உயர்த்தத் தேவையான வேலை, நிறை பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம் பெருக்கல் உயரம். ஏறத்தாழ 10 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். மின்சாரக் கணக்கில் இது எவ்வளவு தெரியுமா? 0.3 யூனிட்! ஒரு மின்விசிறியை நான்கைந்து மணி நேரம் சுழலவிடும் ஆற்றல். இயற்கை கேட்கும் கூலி இவ்வளவே. நம்மிடம் கேட்கப்படும் கூலியோ சில லட்சங்கள். திறமைக்கும் ஆபத்துக்கும் மாதக்கணக்கில் பிடிக்கும் நேரத்துக்கும் கொடுக்கும் விலை அது. அதைக் குறை சொல்லவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் பொதுப்பணத்தில் சிறிது மிச்சமாயிற்று. அந்த மிச்சத்துக்கு ஈடாக, தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் சேமிப்பையோ வைப்பு நிதியையோ நகையையோ போட்டு வீட்டைத் தூக்குகிறார். முடியாதவர் மணல் மூட்டை அடுக்குகிறார். தூக்கிய வீட்டின் முன்புறம் மண் கொட்டி மேடாக்கியதும், அவர் பக்கத்து வீடு ஊரிலேயே தாழ்ந்த இடமாகிவிடுகிறது. இது ஒரு போட்டி. இதில் தோற்பவர் எப்போதும் ஏழைதான்.

ஐயாயிரம் ரூபாயும் ஐயாயிரம் பவுனும்

2015 வெள்ளத்துக்குப் பிறகு தமிழக அரசு குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் மற்ற பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும் வழங்கியது. 2023-ல் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். இந்தப் பணத்தை நான் இகழமாட்டேன். வேலைக்குப் போக முடியாமல் ஒரு வாரம் முடங்கிய வீட்டில் அது அரிசி, மருந்து, பள்ளிப் புத்தகம். ஆனால் அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கும் என்பதை அது ஒரு சென்டிமீட்டர்கூட மாற்றவில்லை.

அதே 2015 டிசம்பரில், நம் வெள்ளத்துக்குச் சில நாள் கழித்து, இங்கிலாந்தின் வடமேற்கில் 'டெஸ்மண்ட்' என்ற புயல் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. அங்கே அரசு, நீர் புகுந்த வீடுகளுக்கு 5,000 பவுன் வரை தனியே ஒரு மானியம் அறிவித்தது. எண் ஒன்றாக இருப்பது தற்செயல். இரு நாடுகளின் செல்வத்தையும் ஒப்பிட வேண்டியதில்லை. அந்தப் பணம் எதற்கு என்பதுதான் கவனிக்கத்தக்கது. அடுத்த முறை நீர் புகாமல், அல்லது புகுந்தாலும் சேதமில்லாமல், வீட்டை மாற்றுவதற்கு மட்டுமே அதைச் செலவிடலாம். வாசலில் பொருத்தும் தடுப்புப் பலகை, கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு, உயரே மாற்றப்பட்ட மின்செருகிகள், நனைந்தாலும் கெடாத பூச்சு, இவை போன்றவை.

தடுப்புப் பலகை என்றதும் ஒரு எச்சரிக்கை. வெளியே 60 சென்டிமீட்டர் நீர், உள்ளே ஈரமில்லை என்றால், ஒரு மீட்டர் அகலமுள்ள வாசலை நீர் தள்ளும் விசை சுமார் 180 கிலோ எடைக்குச் சமம். நல்ல பலகை தாங்கும். 120 சென்டிமீட்டர் ஆனால் விசை இருமடங்கன்று, நான்கு மடங்கு; 720 கிலோ. நான்கு மீட்டர் நீளச் சுவரில் அது ஏறத்தாழ மூன்று டன். நாலரை அங்குலச் செங்கல் சுவர் இதைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. எனவேதான் அங்கே 60 சென்டிமீட்டர் வரை தடு, அதற்கு மேல் உள்ளே விடு என்று வழிகாட்டுகிறார்கள். உள்ளேயும் நீர் வந்துவிட்டால் இருபுறமும் அழுத்தம் சமமாகி, சுவர் பிழைக்கும். தரையடிச் சம்ப் விஷயமும் இப்படித்தான். தண்ணீர் அசுத்தமாகிவிடும் என்று அஞ்சி மழைக்கு முன் சம்ப்பைக் காலி செய்பவர்கள் உண்டு. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டியைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறினால், ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அதை 6 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். தொட்டியின் சொந்த எடை அதற்குக் குறைவானால் தரையைப் பிளந்துகொண்டு எழும்பும். நிரப்பி, மூடியை இறுக்கி வைப்பதே நல்லது.

இவை எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. வீட்டுக்கு 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 3,220 கோடியில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் வீடுகளுக்குப் போதும். புதிய வீடு கட்டித்தர அரசிடம் திட்டங்கள் உண்டு. சிற்றூர்களில் குடிசைகளுக்குப் பதிலாக மூன்றரை லட்சம் ரூபாயில் வீடு கட்ட 2024-ல் கலைஞர் கனவு இல்லத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இருக்கும் வீட்டைத் தாக்குப்பிடிக்கச் செய்யத்தான் ஒரு தலைப்பும் இல்லை.

தனியார் வீட்டுக்குள் அரசு எப்படி வரும் என்று கேட்பார்கள். வந்திருக்கிறதே! 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று தமிழகத்தில் சட்டம் வந்தது. மொட்டை மாடிக் குழாய் எங்கே போகிறது என்று வீடு வீடாகப் பார்த்தார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர்; அது தெருவுக்குப் போகாமல் மண்ணுக்குள் போனால் வெள்ளத்துக்கும் கொஞ்சம் குறைவுதான். வறட்சிக்காகச் செய்ததை வெள்ளத்துக்காகவும் செய்யலாம் என்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது.

மெய்யான இடர்ப்பாடு வேறு. தொழிற்பேட்டையை நம்பிக் குடிவந்தவர்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். நிவாரணப் பணம் குடும்ப அட்டைக்கு வருகிறது. ஆகவே குடியிருப்பவர் கைக்குப் போகிறது. வீட்டைச் செப்பனிடும் மானியமோ வீட்டுக்காரருக்குத்தான் போகும். அவர் செப்பனிட்டுவிட்டு வாடகையை உயர்த்தினால்? ஏரிப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் ஏரியை ஆக்கிரமித்ததற்குப் பரிசு. கொடுக்காவிட்டால் மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பவர்களைக் கைவிட்டதாகும். இவற்றுக்கு என்னிடம் எளிய விடை இல்லை. மூன்றாண்டு வாடகையை உயர்த்தக்கூடாது என்ற நிபந்தனையோடு தரலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வாடகை ஒப்பந்தமே எழுதாத ஊரில் அதை யார் பார்ப்பது என்று இன்னொருவர் கேட்டார்.

ஆனால் ஒரு நிபந்தனையை மட்டும் நாளையே விதிக்கலாம். கடன் கொடுக்கும் வங்கியும் மானியம் கொடுக்கும் அரசும், ஒவ்வொரு தெருவிலும் வேலைக்கு முன்னும் பின்னும் மட்டம் அளந்து எழுதச் சொல்லட்டும். சாலையின் மட்டம், கால்வாய் விளிம்பின் மட்டம், கால்வாய் அடியின் மட்டம், தெருவிலேயே தாழ்ந்த வீட்டு வாசலின் மட்டம் என நான்கு எண்கள் போதும். அவற்றை விளக்குக் கம்பத்தில் பெயின்டால் எழுதிவைக்கட்டும். நான்காவது எண் முதல் எண்ணைவிடக் குறைந்தால் பணம் நிற்கட்டும். கொரட்டூர் மாணவன் கேட்ட கேள்வி அப்போது கட்டி முடித்த பிறகு வகுப்பில் எழாது. கட்டுவதற்கு முன்பே ஒப்பந்தத் தாளில் எழுந்துவிடும்.

அதுவரை நாமே அளக்கலாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். பத்து மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்புங்கள். ஒரு முனையை வீட்டு வாசலிலும் மறுமுனையைச் சாலை நடுவிலும் நிமிர்த்திப் பிடியுங்கள். இருமுனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து வாசல் தரைக்கு எத்தனை சென்டிமீட்டர், சாலைக்கு எத்தனை என்று அளந்து கழித்தால் உங்கள் வீட்டின் உயரம் கிடைத்துவிடும். பாடப்புத்தகத்தில் வரும் இணைந்த கலங்களின் தத்துவம்தான் இது. செலவு இருநூறு ரூபாய்க்குள். எங்கள் வீட்டுக்கு 30 சென்டிமீட்டர் வந்தது. கொரட்டூர் மாணவன் வீட்டுக்கு ஒன்பது.

இதை எழுதி முடிக்கும் இன்று காலை எங்கள் தெருமுனையில் ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. புதிய சாலையாம். வாயிற்கதவுத் தூணில் இப்போதைய சாலை மட்டத்திலிருந்து சரியாக ஒரு அடி உயரத்தில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டு, தேதியும் எழுதிவைத்தேன். சுரண்டும் இயந்திரம் இன்னும் வரவில்லை.